இரண்டு பேர் வருகிறார்கள்

எனக்கு ஊசி என்றால் பயம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார், ஏனென்றால் ஆரணியில் சிலர் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். 'தனசேகரன் பயந்துட்டான்பா, வேற ஒண்ணுமில்ல' என்று டீக்கடையில் எனக்கு வக்காலத்து வாங்குகிறார்களாம். அந்த வக்காலத்து எனக்கு வேண்டாம். டீ கொடுத்ததற்கு நன்றி. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

நீங்கள் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். கம்ப்யூட்டர் சங்கதி உங்களுக்குத் தலைவலி என்று உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் சொன்னார். அதனால் எங்கள் ஊர்ப் பாஷையிலேயே சொல்கிறேன், புரியவில்லை என்றால் நடுவில் நிறுத்துங்கள்.

நான் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவன். கரையில் என்ன வர வேண்டும், முந்தியில் மயிலா மாங்காயா என்று கம்ப்யூட்டரில் வரைந்து தறிக்காரர்களுக்குக் கொடுப்பேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் கடை. ஊரில் என்னை 'டிசைன் தனா' என்பார்கள். நானும் ஜெயக்குமாரும், அவன் பவர்லூம் வைத்திருக்கிறான், என் கூடப் படித்தவன், இரண்டு பேரும் சேர்ந்துதான் ரத்ததானக் குழுவை ஆரம்பித்தோம். யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் ஜெயக்குமாருக்குப் போன் வரும். அவன் நாக்கு நுனியிலேயே வைத்திருப்பான், எவன் ஓ, எவன் பி, எவன் போன மாதம் கொடுத்தவன் என்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

இதற்கு ஒரு ஆப் எழுதினேன். என் சொந்த மூளை, என் சொந்தக் கம்ப்யூட்டர், என் கடைக் கரண்ட். ரத்தம் தேவைப்படுகிறவர் வகையையும் ஆஸ்பத்திரியையும் போட்டால், அந்த வகை உள்ளவர்களின் செல்போனுக்குச் செய்தி போகும். அவர்கள் 'வருகிறேன்' என்று அழுத்தினால் கேட்டவருக்குத் தெரியும். ஜெயக்குமாரிடம் சொன்னேன், 'இனிமே நீ எதையும் ஞாபகம் வெச்சுக்க வேணாம்டா, எல்லாம் ஆப் பாத்துக்கும்' என்று. அவனும் சந்தோஷமாக எல்லாவற்றையும் மறந்தான். கொஞ்ச நாளில் குழுவில் எவன் எந்த வகை என்று எவனுக்கும் தெரியாது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அப்புறம் பிரபாகரன் வந்தான்.

ஜவுளிக்கடைக்காரர் சுப்பராயலுவின் மகன். பெங்களூரு கம்பெனி ஒன்றில் பெரிய வேலை, அதை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு ஆரணியில் இருக்கிறான். நல்ல பையன் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், அதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. வாய் நிறைய அண்ணா அண்ணா என்பான். முதல் நாள் என் கடைக்கு வந்து, மேசைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டரைக் குனிந்து பார்த்துவிட்டு, 'இதுலயாண்ணா ஊரோட உயிரு ஓடுது?' என்று சிரித்தான். நான் காபி வாங்கிக்கொடுத்தேன்.

அவன் சொன்னது இதுதான். ஆப் என் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும், ஆனால் அதற்குள் இருக்கும் பெயர், போன் நம்பர், ரத்த வகை எல்லாவற்றையும் வெளியே ஒரு டேட்டாபேஸ் சர்வீஸில் வைத்துவிடலாம். என் டிஸ்க் செத்தாலும் தகவல் சாகாது. ஒரு தடவை டிஸ்க் செத்திருக்கிறது, உண்மைதான். அதனால் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் கரண்ட் போய் என் கம்ப்யூட்டர் நின்றால் ஆப் அப்போதும் நிற்கும்தானே என்று கேட்டேன். 'அது ஃபேஸ் டூ அண்ணா, அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்' என்று என் தோளில் தட்டினான். தோளில் தட்டுவது எனக்குப் பிடிக்காது.

கேட்கிறவருக்குக் கொடுப்பவரின் பெயர் தெரியக்கூடாது, எத்தனை பேர் வருகிறார்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பதும் அவன் சேர்த்த விதிதான். பிரைவசியாம். நான் அப்படியே செய்துகொடுத்தேன்.

சார், தறியில் பழைய பாவு, அதுதான் நீளவாக்கில் ஓடுகிற இழை, தீரப்போகும்போது என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? அதை அறுத்துப் போட்டுவிட மாட்டார்கள். பழைய இழையின் நுனியில் புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை, நாளெல்லாம் உட்கார்ந்து செய்கிற வேலை. முடிந்ததும் முதலாளி வருவார். கரைப்பக்கம் நாலு இழையை விரலால் இழுத்துப் பார்ப்பார். பிடிப்பு இருந்தால் குங்குமம் வைத்துத் தறியை ஓட்டச் சொல்வார். நடுவில் இருக்கிற இழையை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் பிணைத்தவனுக்கு அவமானம். அந்த நம்பிக்கை இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு புடவை தறியிலிருந்து இறங்காது.

ஆப்பை வெளி டேட்டாபேஸோடு இணைப்பதும் அப்படித்தான். ஒரே ஒரு வரி. எந்த முகவரிக்குப் போக வேண்டும், எந்தப் பெயரில், எந்தக் கடவுச்சொல்லில் என்று எல்லாம் அந்த வரிக்குள். அந்த வெளி சர்வீஸில் இரண்டு டேட்டாபேஸ் உண்டாக்கினேன். ஒன்று நிஜம். இன்னொன்று சோதனைக்கு. சோதனையில் மேலே குழு ஆட்கள் நாலைந்து பேரின் உண்மையான பெயர், கீழே முழுக்க நானே உட்கார்ந்து இட்டுக்கட்டிய பெயர்கள், இல்லாத நம்பர்கள். சும்மா இருக்கிற மனுஷர்களைச் சோதனைக்காகத் தொந்தரவு செய்யக் கூடாதென்று, எந்த வகை கேட்டாலும் 'இரண்டு பேர் வருகிறார்கள்' என்று தானாகவே பதில் வரும்படி செய்திருந்தேன். எல்லா ஆப் எழுதுகிறவர்களும் இப்படி ஒன்று வைத்திருப்பார்கள். அதில் தப்பில்லை.

அமாவாசையன்று தறிக்கு லீவு. அதனால் அன்றைக்கே கல்யாண மண்டபத்தில் துவக்க விழா வைத்தார்கள். காலையில் அந்த வரியை மாற்றி நிஜ டேட்டாபேஸுக்குத் திருப்பியிருக்க வேண்டும். ஃப்ளெக்ஸ் கட்டு, நாற்காலி போடு என்று ஆளாளுக்கு என்னை விரட்டியதில் விட்டுப்போயிற்று. விழா முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதுவரைக்கும் அது வெறும் மறதிதான், சத்தியமாக.

பிரபாகரனுக்குப் பட்டுச் சால்வை போட்டார்கள். அவன் மைக்கைப் பிடித்து, 'நம்ம தனா அண்ணனையும் சொல்லணும். பழைய சிஸ்டம் அவர் கடையிலதான் மேசைக்கடியில ஓடிகினு இருந்துச்சு. பக்கத்துலயே பூனை குட்டி போட்டிருந்துச்சு. பூனை வாலை ஆட்டினா பிளக் புடுங்கிக்கும், நம்ம ஊர்ல ஒரு உயிரு போயிடும்' என்றான். மண்டபம் முழுக்கச் சிரித்தது. ஜெயக்குமார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு துண்டு போட்டார்கள். பட்டு நெய்கிற ஊரில் எனக்குக் காட்டன் துண்டு.

பூனை எதுவும் கிடையாது சார். என் கடையில் பூனையே வந்ததில்லை.

அப்புறம் அவன் செல்போனில் ஆப்பைத் திறந்து, பெயர் பதிவாகியிருக்கிறதா என்று தேடுகிற பக்கத்தை எல்லாருக்கும் காட்டினான். தன் பெயரைப் போட்டுத் தேடினான், வந்தது. ஜெயக்குமார் பெயரைத் தேடினான், வந்தது. கைதட்டினார்கள். கரைப்பக்கம் நாலு இழை, அவ்வளவுதான். நான் அந்தத் துண்டோடு ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் முடிவு செய்தேன், வரியை மாற்றுவதில்லை என்று.

நான் அமைதியாகச் சொல்வதால் எனக்குக் கோபமில்லை என்று எழுதிவிடாதீர்கள். வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

ஆனால் நான் ஒரு உயிரோடும் விளையாடவில்லை. அதற்குப் பிறகு யார் ரத்தம் கேட்டாலும் ஆப் பொய்யாக 'இரண்டு பேர் வருகிறார்கள்' என்று சொல்லும். அதே நொடியில் என் திரைக்கும் செய்தி வரும். நான் என் கம்ப்யூட்டரில் அழிக்காமல் வைத்திருந்த பழைய பட்டியலில் நிஜ ஆட்களைத் தேடி, நானே போன் போட்டு, 'அண்ணே, கொஞ்சம் ஜல்தியா போங்கண்ணே, ஒரு பிரசவ கேஸு' என்று அனுப்பிவைப்பேன். சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் கழுவிவிட்டு வந்து போன் போடுவேன். ஒரு கேஸ்கூடத் தவறவில்லை. ஆடியில் ஆரம்பித்து ஐப்பசி வரைக்கும் அந்த ஆப் ஓடவில்லை சார், நான் ஓடினேன். வாட்ஸ்அப்பில் என்ன வரும் தெரியுமா? 'சூப்பர் பிரபா ப்ரோ', 'ஆரணியின் பெருமை'. கையெடுத்துக் கும்பிடுகிற பொம்மை வரிசையாக வரும். நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த போனை எடுப்பேன்.

லாவண்யா பிரபாகரனின் மனைவி. முதல் பிரசவம். ஓ நெகட்டிவ், கிடைப்பது அரிது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் ரத்தப்போக்கு வரலாம், கொடுக்க இரண்டு பேரைக் கையோடு பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார். 'ஆப்புல இருக்காங்க டாக்டர்' என்றானாம் இவன். அவன் யாரையும் பிடித்து வைக்கவில்லை. அதற்கு நானா பொறுப்பு?

அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வளைகாப்பு முடிந்த மறுநாள் கை நிறைய வளையலோடு என் கடை மாடிப்படி ஏறி வந்தாள், ஒரு டப்பாவில் புளிசாதமும் தேங்காய் சாதமும் எடுத்துக்கொண்டு. 'ஏம்மா இந்த நேரத்துல படி ஏறினுகீறே' என்று தேவகிகூடத் திட்டினாள். தேவகி என் வீட்டுக்காரி. லாவண்யா மூச்சு வாங்கிக்கொண்டே, 'உங்க கையில குடுக்கணும்னு தோணுச்சுண்ணா. நீங்க இல்லன்னா இவரு ஆப்பு ஒண்ணுமே இல்ல, எனக்குத் தெரியும்' என்றாள். ஊரிலேயே அதைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். புளிசாதம் நன்றாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, இட்லி சாப்பிட்டுக் கடையைத் திறந்த நேரம், திரையில் செய்தி வந்தது. ஓ நெகட்டிவ், அவசரம், கேட்டவர் பிரபாகரன். ஆப் தன் வழக்கப்படி பதில் சொல்லியிருந்தது. உடனே எனக்குப் போன். அவன்தான்.

'அண்ணா, லாவண்யாவுக்கு பிளீடிங் ஆரம்பிச்சிடுச்சு. ஆஸ்பத்திரியில ஒரே ஒரு பை இருந்துச்சு, ஏத்திகினு இருக்காங்க. ஆப்புல ரெண்டு பேரு வரேன்னு போட்டிருக்காங்க. வந்துடுவாங்க இல்ல? இல்லன்னா வேலூர் பிளட் பேங்குக்குச் சொல்லட்டுமா?'

'ஆப்பு சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்றேன்.

பழைய பட்டியலில் தேடினேன். ஊரில் அந்த வகைக்கு இரண்டே பேர்தான். ஒருவன் ரஞ்சித்குமார், செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை, அன்றைக்கு மதிய ஷிஃப்ட், அப்போது வீட்டில்தான் இருந்திருப்பான். ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்துவிடலாம். அவன் நம்பர் திரையில் இருந்தது. நான் போன் போடவில்லை. கடையைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஏன் என்று கேட்பீர்கள். ஒரு தடவை அது தோற்க வேண்டும் சார், எல்லாரும் பார்க்கிற மாதிரி. ஒரு கூலிக்காரன் வீட்டில் தோற்றிருந்தால் விதி என்று சொல்லிவிட்டு, அடுத்த விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடித்திருப்பார்கள். சால்வை விழுந்த வீட்டிலேயே தோற்றால்தான் பதில் சொல்லியாக வேண்டும். இதில் சுயநலம் ஒன்றும் இல்லை. ஊருக்கு ஒரு பாடம், அப்படித்தான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஜெயக்குமார் நின்றிருந்தான். ஒவ்வொரு பைக் உள்ளே திரும்பும்போதும் ஓடிப்போய், 'ரத்தம் குடுக்கவாண்ணே?' என்று கேட்டான். ஒருவர் சோறு கொண்டுவந்தவர், ஒருவர் மருந்துக்கடைப் பையன். திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, 'இன்னாடா இது, வரேன்னு சொன்ன பேமானிங்க எங்க போய்த் தொலைஞ்சானுங்க?' என்றான். நான் அவனுக்கு டீ வாங்கிக்கொடுத்தேன். நர்ஸ் வெளியே வந்து, 'எடுத்து டெஸ்ட் பண்ணி ஏத்தறதுக்கு நேரம் ஆகும்ங்க, வரவங்கள சீக்கிரம் வரச் சொல்லுங்க' என்றாள். பிரபாகரன் மறுபடி ஆப்பை அழுத்தினான். மறுபடி இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். அந்தத் திரையை எல்லாரிடமும் காட்டினான், மாமியாரிடம்கூட. 'ரெண்டு பேர் வராங்க அத்தே, தோ வந்துடுவாங்க.'

அந்த நேரத்தில்தான் தேவகி போன் செய்தாள். எதிர்வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

'ஏங்க, லாவண்யாவுக்கு ஓ நெகட்டிவ்தான் வேணும்கறாங்களே. உங்களுதும் அதுதானே? நீங்க குடுக்கலாமே?'

இதுதான் நீங்கள் காலையிலிருந்து சுற்றிச்சுற்றிக் கேட்பது. ஆமாம், அந்த இரண்டாவது ஆள் நான்தான். பல தடவை கொடுத்திருக்கிறேன். அன்றைக்கும் உடம்பு நன்றாகத்தான் இருந்தது, வயிற்றில் இட்லி இருந்தது, ரத்தம் எடுக்கிற அறை நான் சாய்ந்து நின்ற சுவருக்கு அந்தப் பக்கம். ஜெயக்குமாருக்கு என் வகை ஒரு காலத்தில் தலைகீழ்ப் பாடம். அவன்தான் எல்லாவற்றையும் மறந்துவிட்டானே.

'ரெண்டு பேரு வந்துகினு இருக்காங்க, நீ போனை வை' என்று அவளிடம் சொன்னேன்.

அப்புறம் பிரபாகரனுக்கே சந்தேகம் வந்தது. செல்போனைத் தூக்கி எறிந்துவிட்டு, ஜெயக்குமாரின் போனைப் பிடுங்கி, அழுதுகொண்டே வேலூருக்குப் போன் போட்டான். வண்டி அங்கிருந்து கிளம்பி ஆரணி வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. தாயைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

பிரபாகரன் வராந்தாத் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் கசங்கி, வாயைத் திறந்தபடி. நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தோளில் கை வைத்தேன். 'டேட்டாவ வெளியில வெச்சா இப்படித்தான் ஆவும்பா' என்றேன். அவனுக்குக் காதில் விழுந்ததா தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அண்ணா, அண்ணா' என்று மட்டும் சொன்னான். அன்றைக்கு அவன் அப்படிக் கூப்பிட்டது நிஜமாக இருந்தது.

சாயங்காலம் ரஞ்சித்குமார் வந்தான். கம்பெனி பஸ்ஸில் போகும்போது வழியில் செய்தி தெரிந்து, இறங்கி வேறு பஸ் பிடித்துத் திரும்பியிருக்கிறான். சீருடையோடு வந்து நின்று, 'காலைல பூரா ஊட்லதானே இருந்தேன், எனக்கு ஏன்டா போன் வரல?' என்று ஜெயக்குமாரின் சட்டையைப் பிடித்தான். அதற்குள் அங்கே வந்திருந்த தேவகி மட்டும் அந்தக் கேள்விக்கு என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். பரவாயில்லை, அவள் அப்படித்தான், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

நான் எதையும் அழிக்கவில்லை. அந்த வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது, உங்கள் ஆட்கள் வந்து பார்க்கலாம். வரியை வேண்டுமென்றே மாற்றாமல் விட்டேன். ரஞ்சித்குமாருக்கு வேண்டுமென்றே போன் போடவில்லை. அவளுக்கு ரத்தம் வராது என்று தெரிந்தேதான் அங்கே நின்றேன். இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே என் பழைய கம்ப்யூட்டர் அந்த நாள் முழுக்க ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேஸ் கட்டில் அது இருக்க வேண்டும்.

என்னைக் கொலைகாரன் என்கிறார்களாம். சிரிப்பாக இருக்கிறது சார். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் அந்த வராந்தாவில்தான் நின்றேன், ஓடி ஒளியவில்லை. முழுக்கைச் சட்டையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டுதான் நின்றேன். யாராவது ஒருத்தர் என் முகத்தைப் பார்த்து, 'தனா, நீ குடுக்கறியா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், கையை நீட்டியிருப்பேன்.

ஒருத்தரும் கேட்கவில்லை.